கரண்ட் பாஸுக்கும் சான்றிதழ் வேண்டும்

வயரிங் வேலை தெரிந்த ஒருவராவது இல்லாத டிவிஷன் எமது தோட்டங்களில் அபூர்வம். லயத்தில் பல்ப் எரியாவிட்டாலும், கோயில் திருவிழாவுக்குச் சீரியல் பல்ப் கட்ட வேண்டுமென்றாலும் அவரைத்தான் தேடிப் போகிறோம். ‘கரண்ட் பாஸ்’ என்று மரியாதையாக அழைக்கிறோம். ஆனால் செக்ரோலில் அவர் சாதாரணத் தொழிலாளி. கொழும்புக்குப் போனால் ஹெல்பர். பத்து வருடம் குழாய் பதித்து வயர் இழுத்தாலும் ஹெல்பர்தான். நேற்று வந்த பையன் கையில் சான்றிதழ் இருந்தால், அவன் இவருக்கு மேலே போய்விடுகிறான்.

தொழில் தெரிந்தும் காகிதம் இல்லாத இந்த நிலைமை மாற வேண்டும். அதற்கு வழி இருக்கிறது. அது லயத்துக்கு வந்து சேரவில்லை என்பதுதான் பிரச்சினை.

நாட்டில் தொழிற்பயிற்சிக்கென்று தேசிய தொழிற் தகைமை, அதாவது எல்லோரும் சொல்லும் என்.வி.கியூ. முறை உள்ளது. மொத்தம் ஏழு மட்டங்கள். நான்காம் மட்டம் வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். மின்சார வேலையில் மூன்றாம், நான்காம் மட்டச் சான்றிதழ் உள்ளவரைத்தான் கம்பனிகள் தொழில் தெரிந்தவராக எடுக்கின்றன. வெளிநாட்டு வேலைக்கும் அதுவே கைகொடுக்கும்.

பள்ளிக்கூடத்தை விட்ட பிள்ளைகளுக்குத் தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களும் தொழில்நுட்பக் கல்லூரிகளும் உள்ளன. ஒரு நிறுவனத்தில் வேலை செய்துகொண்டே படிக்க, ‘நைட்டா’ எனப்படும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையின் பயிலுனர் முறை உள்ளது. சாதாரண தரத்தில் எல்லாப் பாடமும் சித்தியடையாத பிள்ளைக்கும் இவற்றில் இடமுண்டு. பெறுபேறு வந்த வாரமே பிள்ளையைக் கொழும்புக் கடைக்கு பஸ் ஏற்றும் பெற்றோர் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கும் இதே வழிதான். வயருக்கு ஆண் பெண் தெரியாது.

ஏற்கெனவே வேலை தெரிந்தவர் மறுபடி வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. இதுதான் எம்மவர் பலருக்குத் தெரியாத விஷயம். ‘ஆர்.பி.எல்.’ என்று ஒரு முறை உண்டு. தொழிற்பயிற்சி அதிகார சபையிலோ நைட்டாவிலோ விண்ணப்பித்து, இதுவரை செய்த வேலைக்கான ஆதாரங்களைக் கொடுக்க வேண்டும். எங்கே, எவ்வளவு காலம் வேலை செய்தோம் என்ற கடிதம், செய்த வேலையின் படங்கள் போன்றவை. பிறகு மதிப்பீட்டாளர் முன்னிலையில் வேலையைச் செய்து காட்ட வேண்டும். போர்டில் இணைப்புக் கொடுப்பார், எர்த் சோதிப்பார், கேட்ட கேள்விக்கு வாயால் பதில் சொல்வார். தகுதி இருந்தால், வகுப்பில் படித்தவருக்குக் கொடுக்கும் அதே சான்றிதழ்தான் இவருக்கும்.

ஆனால் அந்தக் கடிதத்தில்தான் சிக்கல். இருபது வருடமாக ஸ்டோரில் வயரிங் பார்த்தவருக்கு ஒரு வரி எழுதிக் கொடுக்கத் தோட்ட நிர்வாகங்கள் தயங்குகின்றன. கடிதம் கொடுத்தால் நாளைக்கு அதற்கேற்ற சம்பளம் கேட்பார் என்ற பயம். கேட்கத்தான் செய்வார்; நாமும் கூடவே நின்று கேட்போம். செய்த வேலையைச் செய்தார் என்று எழுதுவது யாரும் போடும் பிச்சையல்ல.

அடுத்தது மொழி. வகுப்பு சிங்களத்தில் மட்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம். அரசியலமைப்பின்படி தமிழும் அரசகரும மொழி. மலையக மாவட்டங்களில் பாடநெறியும் மதிப்பீடும் தமிழில் நடக்க வேண்டும் என்பது சலுகை கேட்பதாகாது.

இது வெறும் சம்பளக் கதையும் அல்ல. எமது லயங்களில் எத்தனை வீடுகளில் ட்ரிப் சுவிட்ச் ஒழுங்காக வேலை செய்கிறது? பக்கத்துக் காம்பராவிலிருந்து இழுத்த வயர், மழையில் ஊறிய மரச் சட்டம், மேலே தகரம். 230 வோல்ட் தகரத்தில் ஏறினால் அதைத் தொட்ட பிள்ளை என்னாகும்? 30 மில்லி அம்பியரில் விழும் ட்ரிப் சுவிட்சும் சரியான எர்த்தும் இருந்தால் உயிர் தப்ப வாய்ப்புண்டு. ட்ரிப் அடிக்கடி விழுகிறது என்று அதைத் தாண்டி இணைப்புக் கொடுக்கும் ‘கெட்டிக்காரர்கள்’ எம்மிடையே இருக்கிறார்கள். முறையாகப் பயின்றவர் அதைச் செய்யமாட்டார், ஏன் செய்யக்கூடாது என்று வீட்டுக்காரருக்கும் சொல்லிக் கொடுப்பார்.

இன்னொன்று. டவுனில் போர்ட் போட்டு ஆயிரக்கணக்கில் பணம் வாங்கும் நிலையங்கள் பெருகிவிட்டன. காசு கட்டுமுன், அந்த நிலையம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா, அந்தப் பாடநெறிக்கு என்.வி.கியூ. உண்டா என்று கேளுங்கள். பதிவு இலக்கத்தைக் காட்டத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள்.

தோட்டத் தலைவர்கள் தங்கள் டிவிஷனில் வயரிங் வேலை தெரிந்தவர்களின் பெயர், வயது, வேலை செய்த இடங்கள், வருடங்கள் ஆகியவற்றை எழுதி மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்ப வேண்டும். நிர்வாகங்களிடம் கடிதம் கேட்பதைத் தனித்தனி ஆளாக இல்லாமல் சங்கமாகச் செய்வோம். அடையாள அட்டை இல்லாதவர்கள் அதை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழை இருந்தால் இப்போதே தலைவரிடம் சொல்லுங்கள். திருத்துவதற்குத்தான் நாள் பிடிக்கும்.