காதணி விழாவில் காதுக்கே ஆபத்தா?

காதணி விழா, கல்யாண ரிசப்ஷன், கோயில் கொடை... எந்த விசேஷமானாலும் சாப்பாட்டுக்கு யார், பந்தலுக்கு யார் என்று ஒரு மாசம் முன்பே யோசிக்கிறோம். மைக் செட்டுக்கு மட்டும் "யார்கிட்டயாவது சொல்லிடுங்கப்பா" என்பதோடு சரி! வருகிறவர், இடம் கிடைத்த மூலையில் பெட்டிகளை இறக்குவார். பல இடங்களில் அந்த மூலை, குழந்தைகள் ஓடி விளையாடுகிற மேடையோரம்தான். பிள்ளையின் காது உயரமும் பெட்டியின் வாய் உயரமும் ஒன்றாக இருக்கும்.

சத்தம் அதிகம் என்று எல்லோருமே குறைப்படுகிறோம். என்னைக் கேட்டால், பெட்டி எங்கே, எந்த உயரத்தில், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதுதான் முதல் கேள்வி. கூட்டுவதும் குறைப்பதும் அதற்கு அப்புறம்.

எப்படி என்கிறீர்களா? திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபெல் குறையும். 1 மீட்டரில் 110 டெசிபெல் என்றால், 16 மீட்டர் தள்ளிக் கடைசி வரிசையில் 86தான். பெட்டி தரையில் இருந்தாலோ, பேச்சைத் தெளிவாக்கும் கீச்சொலிகளை முன்வரிசைக்காரர்களின் உடம்பே தடுத்துவிடும். "கேக்கலை, கேக்கலை" என்று பின்னாலிருந்து கை காட்டுவார்கள். மைக் செட்காரர் இன்னும் கூட்டுவார். அடி யாருக்கு? முன்னால் நிற்கிற பிள்ளைக்கு!

தொழிலாளர்களுக்காக அமெரிக்காவில் வகுத்த ஒரு கணக்கு உண்டு. 85 டெசிபெல் என்றால் 8 மணி நேரம் தாங்கலாம். 3 டெசிபெல் கூடக் கூட அந்த நேரம் பாதி பாதியாகக் குறையும். 100 டெசிபெல்லுக்கு 15 நிமிஷம். 110 என்றால் 2 நிமிஷம்கூட இல்லை. நம் வீட்டு விசேஷமோ மணிக்கணக்கில் நடக்கிறது.

அதனால் பெட்டியைக் காது மட்டத்துக்கு மேல் 2 மீட்டராவது தூக்கச் சொல்லுங்கள். முகத்தை லேசாகக் கீழே சாய்த்து, பின்வரிசையைப் பார்க்கும்படி திருப்பச் சொல்லுங்கள். சுற்றிலும் 3 மீட்டருக்குக் கயிறு கட்டி ஆட்களை விலக்குங்கள். 110 விழுந்த காதில் இப்போது ஏறத்தாழ 99தான் விழும். அதுவும் அதிகம்தான். ஆனால் ஒலி தலைக்கு மேலே தடையில்லாமல் போவதால், தைரியமாக இன்னும் குறைக்கலாம். நீளமான மண்டபமா? நடுவில் இரண்டு சின்னப் பெட்டிகள் போதுமே, ஒரே பெட்டியை அலற விடுவானேன்?

தூக்கினால் மட்டும் போதாது, விழாமலும் இருக்க வேண்டும். 30 கிலோ பெட்டி தலையில் விழுந்தால் என்னாகும்? ஸ்டாண்டு அந்த எடையைத் தாங்கக் கூடியதா, மூன்று கால்களும் முழுசாக விரிந்திருக்கின்றனவா, பின் மாட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். காற்றடிக்கும் இடமானால் காலில் மணல் மூட்டை வேண்டும். தொங்க விடுவதென்றால், தொங்க விடுவதற்கென்றே பெட்டியில் அமைத்த வளையத்தில்தான் கட்ட வேண்டும்; கைப்பிடியில் கூடாது. ஃபேன் கொக்கியும் பந்தல் காலும் இதற்கு ஆகாது. நைலான் கயிறை நம்பாதீர்கள். முதல் பிடி விட்டாலும் தாங்குகிற மாதிரி, தனியாக இன்னொரு இரும்புச் சங்கிலியோ கம்பிக் கயிறோ வேண்டும். தரையில் ஓடும் வயரை ஒட்டி மூடச் சொல்லுங்கள். ஒரு குழந்தை கால் தடுக்கினால் ஸ்டாண்டோடு சேர்ந்து சாயும்.

"இதற்குத்தான் சட்டம் இருக்கிறதே" என்பீர்கள். இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், பொது இடத்து ஒலிபெருக்கியின் சத்தம் அந்த இடத்தின் எல்லையில் 75 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது என்கின்றன. அது பக்கத்து வீட்டுக்காரருக்கான பாதுகாப்பு. எல்லைக்கு உள்ளே, பெட்டிக்கு முன்னால் நிற்கும் உங்கள் பேரனுக்காக யார் அளந்து பார்க்கப் போகிறார்கள்? விசேஷ வீட்டுக்காரர்தான் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் ஒரு சித்த வைத்தியன் ஏன் சொல்ல வேண்டும்? விசேஷம் முடிந்த மறுநாள், "காதுக்குள்ள ங்கொய்ங்னு இரையுது டாக்டர், ஏதாவது தைலம் கொடுங்க" என்று வருகிறார்கள். செவியை ஆகாய பூதத்தோடு சேர்த்துச் சொல்வது சித்த மரபு. அந்த மரபில் படித்தவன்தான் நானும். ஆனாலும் மனசாட்சியோடு சொல்கிறேன்: உள்காதில் ஏறத்தாழ 15 ஆயிரம் மெல்லிய உணர் செல்கள் இருக்கின்றன. அவை அழிந்தால் திரும்ப முளைக்காது. முளைக்க வைக்கும் தைலம் என்னிடமும் இல்லை, வேறு யாரிடமும் இல்லை. இரைச்சல் அடுத்த நாளும் நிற்கவில்லையா, கேட்கும் திறன் குறைந்தது போல இருக்கிறதா? எண்ணெய் விட்டுக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். உடனே காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் போங்கள்.

அடுத்த விசேஷத்துக்கு மைக் செட்காரரிடம் அட்வான்ஸ் கொடுக்கும்போது, "எவ்வளவு ஆகும்?" என்பதோடு "பெட்டியை எங்கே, எப்படிக் கட்டப் போறீங்க?" என்றும் கேளுங்கள். தொழில் தெரிந்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார், விளக்கமாகவே சொல்வார். சொல்லத் தெரியாதவராக இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள்!