கடைமடைக்கு எட்டாத கண்ணாடி இழை

ஆற்றில் நீர் ஓடுகிறது, தலைமதகும் திறந்திருக்கிறது, ஆனால், கடைமடை வயல் காய்ந்து கிடக்கிறது. இந்தியாவில் அகண்ட அலைவரிசை இணையத்தின் நிலை ஏறத்தாழ இதுதான். நாட்டின் குறுக்கும் நெடுக்குமாகக் கண்ணாடி இழை வடம் புதைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளின் வாசல்வரை அது வந்துவிட்டது. அங்கிருந்து அடுத்த தெருவிலுள்ள வீட்டுக்குள் நுழையத்தான் அதற்கு வழி பிறக்கவில்லை.

மேலோட்டமாகப் பார்ப்பவர்களுக்கு இதில் குறையொன்றும் தெரியாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் கணக்குப்படி, 2024 இறுதியில் அகண்ட அலைவரிசைச் சந்தாதாரர்களின் எண்ணிக்கை 94 கோடியைத் தாண்டியிருந்தது. அவர்களில் மிகப்பெரும்பாலோர் செல்பேசி வழியாக இணையத்தை அடைபவர்கள். கம்பிவழி இணைப்புகளோ 4 கோடியைச் சற்றே கடந்திருந்தன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே நாட்டில் 24 கோடிக்கும் அதிகமான குடும்பங்கள் இருந்தன. அந்தப் பழைய கணக்கை வைத்துப் பார்த்தால்கூட, ஆறு குடும்பங்களுக்கு ஓர் இணைப்பு என்ற அளவுதான். அலுவலகங்கள், கடைகளின் இணைப்புகளைக் கழித்தால் அதுவும் மிஞ்சாது.

இலக்குகளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. 2004-ஆம் ஆண்டு அகண்ட அலைவரிசைக் கொள்கை, 2010-க்குள் 2 கோடி இணைப்புகள் என்றது. கெடு முடிந்தபோது எட்டியது அதில் பாதியை ஒட்டித்தான். 2018-ஆம் ஆண்டு தேசிய டிஜிட்டல் தகவல்தொடர்புக் கொள்கை, 2022-க்குள் ஒவ்வொரு குடிமகனுக்கும் விநாடிக்கு 50 மெகாபிட் வேகம் என்றும், பாதிக் குடும்பங்களுக்குக் கம்பிவழி இணைப்பு என்றும் உறுதி கூறியது. அந்தக் கெடு கடந்த பிறகு, 2023 தொடக்கத்தில், அகண்ட அலைவரிசை என்பதற்கான குறைந்தபட்ச வேகம் 512 கிலோபிட்டிலிருந்து 2 மெகாபிட்டாகத் திருத்தப்பட்டது. 50 என்று வாக்களித்துவிட்டு 2 என்று வரையறுப்பதை என்னவென்று சொல்வது?

"கையில் செல்பேசி இருக்கும்போது வீட்டுக்குத் தனி இணைப்பு எதற்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. செல்பேசிப் புரட்சியைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஒரு சந்தாதாரர் மாதந்தோறும் சராசரியாக 20 ஜிபிக்கும் அதிகமான தரவைப் பயன்படுத்தும் நாடாக இந்தியா வளர்ந்திருப்பதற்கு மலிவான கட்டணமே காரணம். ஆனால், வீட்டின் தேவை வேறு. 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது நாடே அதைக் கண்கூடாகக் கண்டது. ஒரே செல்பேசியை வைத்துக்கொண்டு இரண்டு பிள்ளைகள் பாடம் கேட்க முடியாமல் தவித்தனர். அலைவரிசை கிடைக்கும் மேட்டைத் தேடி மாணவர்கள் அலைந்தனர்.

பெருந்தொற்று ஓய்ந்தது, பழக்கம் மாறவில்லை. தந்தை காணொலிக் கூட்டத்தில் இருக்கிறார். மகள் நுழைவுத்தேர்வுக்கான வகுப்பில் இருக்கிறாள். கூடத்தில் தொலைக்காட்சி இணையம் வழியாக ஓடுகிறது. இவை அனைத்தும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. அதைவிட முக்கியமானது, வீடு இன்று தரவைப் பெறுவதோடு நிற்பதில்லை, அனுப்பவும் செய்கிறது. மருத்துவரிடம் காட்டும் காணொலி, தையல் தொழில் செய்யும் பெண் வாடிக்கையாளருக்கு அனுப்பும் படங்கள், வீட்டிலிருந்தே முடித்துக் கொடுக்கும் அலுவலக வேலை எல்லாம் மேல்நோக்கிச் செல்பவை.

தொலைபேசிக்காகப் போடப்பட்ட செப்புக் கம்பிக்கு இந்தச் சுமை தாங்காது. தொலைபேசி நிலையத்திலிருந்து வீடு விலக விலக அதன் வேகம் குறையும். அனுப்பும் வேகத்துக்கு அதில் ஒதுக்கப்பட்டதோ சிறு பங்கு. கோபுரத்திலிருந்து காற்றுவழி வரும் இணைப்பும் ஒரு தீர்வே. 2023 முதல் 5ஜி வழியாக அது வீடுகளுக்குத் தரப்படுகிறது. ஆனால், ஒரு கோபுரத்தின் அலைக்கற்றையை அதைச் சுற்றியுள்ள அனைவரும் பங்கிட்டாக வேண்டும். அந்தக் கோபுரத்துக்கும் இறுதியில் கண்ணாடி இழையே தேவை. 2019 டிசம்பரில் தேசிய அகண்ட அலைவரிசை இயக்கம் தொடங்கப்பட்டபோது, நாட்டின் கோபுரங்களில் சுமார் 30 சதவீதமே இழையால் இணைக்கப்பட்டிருந்தன.

கண்ணாடி இழையின் சிறப்பு இன்றைய வேகத்தில் மட்டும் இல்லை. விநாடிக்கு சுமார் 2.5 கிகாபிட்டைச் சுமந்து பல வீடுகளுக்குப் பகிர்ந்தளிக்கும் அதே இழை, இருமுனைக் கருவிகளை மட்டும் மாற்றினால் 10 கிகாபிட்டைச் சுமக்கும். மண்ணை மீண்டும் தோண்ட வேண்டியதில்லை. ஒரு தலைமுறைக்கு ஒருமுறை செய்யும் செலவு அது.

அப்படியானால் தடை எங்கே? பணத்தில் என்று சொல்ல முடியாது. தொலைத்தொடர்பு நிறுவனங்களின் சரிக்கட்டப்பட்ட மொத்த வருவாயில் 5 சதவீதம், கிராமப்புறச் சேவைக்கென 2002 முதல் வசூலிக்கப்படுகிறது. இப்போது டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர் மாறியுள்ள அந்த நிதியில், செலவிடப்படாமல் பல்லாயிரம் கோடி ரூபாய் தேங்கியது வரலாறு. அந்தப் பணம் கட்டணம் செலுத்தும் ஒவ்வொரு சந்தாதாரரின் சட்டைப்பையிலிருந்து வந்தது.

தடை, கணக்கிடும் முறையில் இருக்கிறது. 2.5 லட்சம் ஊராட்சிகளை இணைக்கும் தேசியக் கண்ணாடி இழை வலையமைப்புத் திட்டத்துக்கு 2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தபோது, மதிப்பீடு சுமார் ரூ. 20,000 கோடி; கெடு இரண்டே ஆண்டுகள். பின்னர் பாரத்நெட் என்று பெயர் மாறிய அத்திட்டத்தில் முதல் 1 லட்சம் ஊராட்சிகள் நிறைவடைந்ததே 2017 டிசம்பரில்தான். 2020 சுதந்திர தின உரையில், 1,000 நாள்களில் 6 லட்சம் கிராமங்களுக்கும் கண்ணாடி இழை என்று பிரதமர் அறிவித்தார். அந்த 1,000 நாள்கள் 2023 மே மாதமே முடிந்துவிட்டன. இத்தனை காலமும் அரசுகள் எண்ணியது புதைத்த வடத்தின் கிலோமீட்டரையும், "சேவைக்குத் தயார்' என்று குறிக்கப்பட்ட ஊராட்சிகளையும். எத்தனை வீடுகளில் விளக்கு எரிகிறது என்று பாராமல் எத்தனை மின்கம்பம் நட்டோம் என்று பெருமை பேசுவதற்கு ஒப்பானது இது.

இணையத்தை அடிப்படை உரிமையாக அறிவித்த கேரளத்தின் அனுபவமும் கடைசிக் கட்டத்தின் கடினத்தையே காட்டுகிறது. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது அம்மாநில அரசின் கேஃபோன் திட்டத்தின் நோக்கம். 2023 ஜூனில் அது தொடங்கி வைக்கப்பட்டபோது முதல் கட்டத்துக்குக் குறிக்கப்பட்டவை 14,000 குடும்பங்கள் மட்டுமே.

2023 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஏற்ற திருத்திய பாரத்நெட் திட்டத்துக்கு ரூ. 1,39,579 கோடி ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஐந்து ஆண்டுகளில் 1.5 கோடி கிராமப்புற வீட்டு இணைப்புகள், பத்து ஆண்டுப் பராமரிப்பு, ஓரிடத்தில் வடம் அறுந்தாலும் மறுபக்கமாகச் சேவை தொடரும் வளைய அமைப்பு என்று பழைய பிழைகள் பலவற்றை அது உணர்ந்திருப்பது வரவேற்கத்தக்கது. உணர்ந்தது போதாது, செயலில் காட்ட வேண்டும்.

ஊராட்சி வாரியாக இயங்கும் வீட்டு இணைப்புகளின் எண்ணிக்கையை மாதந்தோறும் வெளியிட வேண்டும். ஒப்பந்ததாரருக்கான தொகையில் கணிசமான பகுதி, பழுதின்றி இயங்கிய நாள்களுக்கு ஏற்பவே வழங்கப்பட வேண்டும். தெருவின் ஒவ்வொரு கம்பத்தையும் அறிந்த உள்ளூர் கேபிள் தொழிலாளரிடம் வீட்டு இணைப்பையும் பராமரிப்பையும் ஒப்படைக்க வேண்டும். முதல் இணைப்புச் செலவை ஏழைக் குடும்பங்களுக்கு அந்தச் சேவை நிதியே ஏற்க வேண்டும். 2 மெகாபிட் என்ற வரையறையும் காலத்துக்கேற்ப உயர்த்தப்பட வேண்டும்.

இணையத்தின் வழியே கருத்துரைக்கும் உரிமைக்கு அரசமைப்புச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. உரிமை ஏட்டில் இருந்து, வடம் வாசலில் நின்றுவிட்டால் பயனில்லை. மதகு திறந்த நாளை விழாவாகக் கொண்டாடலாம்; கடைமடையில் நாற்று நிமிர்ந்த பிறகுதான் அது பாசனம்.