"கூடாது" என்றால் போதுமா?

தரம் பதினொன்றில் உலோகங்களின் தாக்கவீதத் தொடரைப் படித்தபோது, சோடியம், பொட்டாசியம் என்பன அமிலத்துடன் மிக உக்கிரமாகத் தாக்கமுறும், ஆகவே அதனை ஆய்வுகூடத்தில் செய்யக் கூடாது என்று கொப்பியில் எழுதினேன். ஏன் கூடாது என்று நான் கேட்கவில்லை. அந்த ஒரு வரிக்குப் பரீட்சையில் புள்ளி கிடைத்தது, அத்தோடு விட்டுவிட்டேன்.

தரம் ஒன்பதில் படிக்கும் என் தங்கைதான் கேட்டாள். கைபேசியில் ஒரு காணொளி. சோடியத் துண்டொன்று தண்ணீரில் விழுந்து வெடிக்கிறது. "ராத்தா, தண்ணிக்கே இப்படியென்டா அசிட்டுக்கு எப்படியிருக்கும்? உங்கட லெப்ல செஞ்சு பார்க்கேலாதா?"

கூடாது என்றேன். அவள் முகத்தைப் பார்த்தபோது அது பதிலே அல்ல என்று எனக்கே விளங்கியது.

தூய நீரில் இருப்பதைவிட, லீற்றருக்கு ஒரு மூல் செறிவுள்ள ஐதரோக்குளோரிக் அமிலத்தில் ஐதரசன் அயன்களின் செறிவு ஒரு கோடி மடங்கு அதிகம். சோடியம் 98 பாகை செல்சியசில் உருகிவிடும். நீரைவிட அடர்த்தி குறைந்ததால் அது மேலேதான் மிதக்கும். ஆகவே உருகிய உலோகம், ஐதரசன் வாயு, தீ, அமிலம் எல்லாம் குனிந்து பார்ப்பவரின் முகத்துக்கு நேரே இருக்கின்றன.

விலகிக்கொள்ளலாம் என்று நினைக்கவும் முடியாது. 2015 இல் செக் நாட்டு விஞ்ஞானிகள், சோடியம்-பொட்டாசியம் கலப்புலோகத் துளி நீரில் விழுவதை அதிவேகக் கமராவில் பிடித்தனர். ஒரு மில்லி செக்கனுக்கும் குறைந்த நேரத்தில் உலோகத்திலிருந்து முட்கள் போலக் கூர்கள் கிளம்பின. இலத்திரன்கள் நீருக்குள் போய்விட, எஞ்சிய நேரேற்றங்கள் ஒன்றையொன்று தள்ளியதே காரணம் என்றார்கள். இது வெறும் நீரில் நடந்தது. அமிலமென்றால் தெறிப்பதும் அமிலம்தான்.

இதையெல்லாம் சொல்லித் தடுத்தால் பிள்ளைகளுக்கு விளங்கும் என்பது என் எண்ணம். காரணம் சொல்லாத தடை ஆசையைத்தான் கூட்டுகிறது.

அதற்காகச் செய்முறைகளையே நிறுத்திவிடுவதை நான் ஏற்கமாட்டேன். மகனீசிய நாடாவில் ஒரு சிறு துண்டும் ஐதான அமிலமும் போதும். குமிழி, சூடு, "பொப்" ஒலி எல்லாவற்றையும் காணலாம். ஆனால் அதிலும் கவனம் வேண்டும். எரியும் ஈர்க்கைக் குழாயின் வாயில் பிடித்தபோது என் ஸ்காப்பின் தொங்கல் கருகியது. பொலியெஸ்டர் துணி உருகி ஒட்டும். தொங்கலைக் கோட்டுக்குள் செருகிக்கொள்ள எனக்கு அன்றுவரை தோன்றவில்லை, யாரும் சொல்லவுமில்லை. முப்பது பேருக்கு ஆறு பாதுகாப்புக் கண்ணாடிகள். அவற்றையும் புகைப்படம் எடுக்கும் நாளில்தான் அணிந்தோம்.

சோடியம் தீப்பற்றினால் நீர் ஊற்றக் கூடாது, உலர்ந்த மணலால்தான் மூட வேண்டும் என்பதையும் தங்கைக்குச் சொன்னேன். உங்கட லெப்ல மணல் இருக்கா என்று கேட்டாள். மூலையில் ஒரு சிவப்பு வாளி இருக்கிறது. கடைசியாக நான் பார்த்தபோது அதில் டொபி உறைகளும் உடைந்த சோக்கும் கிடந்தன.