நடுவர் எதைப் பார்க்க வேண்டும்?



சென்ற ஞாயிறு மாலை சாந்தோம் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தேன். மணலில் கிரிக்கெட் ஆடிய சிறுவர்களிடையே பெரும் சச்சரவு. பந்து வீச ஓடி வந்த பையன் வீசாமல் நின்றுவிட்டான். அவன் பக்கத்து முனையில் இருந்த ஆட்டக்காரன் அதற்குள் கோட்டைத் தாண்டிவிட்டான். உடனே முதலாமவன் ஸ்டம்பைத் தட்டி "அவுட்!" என்று கூவினான். "சார், நீங்களே சொல்லுங்க. வீசற மாதிரி வந்து ஏமாத்தினா அவுட்டா?" என்று என்னிடம் நியாயம் கேட்டார்கள்.

இதே கேள்வி கிரிக்கெட் உலகத்தையே ஒருமுறை இரண்டாகப் பிரித்தது. இதே சாந்தோமில் உள்ள செயின்ட் பீட்ஸ் பள்ளியில் படித்தவர் அஸ்வின். 2019 மார்ச் 25 அன்று ஜெய்ப்பூரில் நடந்த ஐ.பி.எல். ஆட்டத்தில், 69 ரன் எடுத்திருந்த ஜோஸ் பட்லரை அவர் இவ்வாறுதான் ரன் அவுட் செய்தார். பந்து கையை விட்டுப் போகும் என்று வழக்கமாக எதிர்பார்க்கப்படும் கணம் வரை இப்படிச் செய்யலாம் என்பது அன்றைய விதி. நடுவர் அவுட் கொடுத்தார். ஆனால் விதிகளை எழுதும் எம்.சி.சி., அஸ்வின் தயங்கி நின்ற நேரம் மிக நீண்டது, அது ஆட்டத்தின் பண்புக்கு ஏற்றதன்று என்று பின்னர் கருத்துத் தெரிவித்தது.

மிக நீண்டது என்றால் எவ்வளவு? அரை விநாடியா, ஒரு விநாடியா? அளவு சொல்லாமல் "நீண்டது" என்று உங்கள் செய்முறை ஏட்டில் எழுதினால் ஆசிரியர் மதிப்பெண் தருவாரா? மாட்டார்!

அமெரிக்கர்களின் பேஸ்பால் ஆட்டத்திலும் இந்தச் சிக்கல் உண்டு. அங்கே வீச்சாளர் மட்டையாளரை நோக்கி வீசத் தொடங்கிவிட்டு, நடுவில் நிறுத்தி, ஓட்டக்காரர் நிற்கும் தளத்துக்குப் பந்தை எறிந்தால் குற்றம். அதற்குப் 'பாக்' என்று பெயர். ஆனால் ஒருவர் வீசத் தொடங்கிவிட்டாரா, இல்லையா? முழங்கால் அசைவிலும் தோள் அசைவிலும் நடுவர் அதைத் தேட வேண்டியிருக்கிறது. மனத்தில் இருக்கும் எண்ணத்தை உடலின் அசைவில் படிப்பது எளிதன்று.

கிரிக்கெட் இதற்கு நல்லதொரு வழி கண்டது. 2022 அக்டோபரில் இந்த விதி, முறையற்ற ஆட்டம் என்ற பிரிவிலிருந்து ரன் அவுட் பிரிவுக்கு மாற்றப்பட்டது. 2023 ஜனவரி 3 அன்று மெல்போர்னில் ஆடம் ஸாம்பா ஒருவரை இவ்வாறு ரன் அவுட் செய்ய முயன்றபோது, அவரது கை செங்குத்து நிலையைக் கடந்துவிட்டதால் நாட் அவுட் எனத் தீர்ப்பாயிற்று. அதே மாதம் எம்.சி.சி. விதியைத் தெளிவாக்கியது. வீச்சாளரின் கை, அவரது வழக்கமான வீச்சில் எட்டும் உச்சிப் புள்ளியை அடைந்துவிட்டால், அதன்பின் ரன் அவுட் செய்ய முடியாது. 'அவரது வழக்கமான' என்ற சொற்களைக் கவனியுங்கள். கையைப் பக்கவாட்டில் சுழற்றும் மலிங்காவுக்கு உச்சி வேறு, அஸ்வினுக்கு உச்சி வேறு.

இதன் சிறப்பை உங்கள் ஆய்வகத்திலேயே காணலாம். தனி ஊசலின் அலைவு நேரத்தை அளக்கும்போது, குண்டு சமநிலைப் புள்ளியைக் கடக்கும் கணத்தில்தானே நிறுத்துக் கடிகாரத்தை அழுத்துகிறீர்கள்? முதலில் ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டால் கணம் தானே தெளிவாகிவிடுகிறது. புதிய விதி செய்ததும் அதுவே. 'எவ்வளவு நேரம் நின்றான்?' என்ற கேள்வி போய், 'கை எங்கே இருந்தது?' என்ற கேள்வி வந்துவிட்டது. ஒருவர் எத்தனை நேரம் தயங்கினாலும் கை உச்சியை எட்டியதா இல்லையா என்பது மாறாது. விநாடிக்கு 25 படம் எடுக்கும் வீடியோவில் இரு படங்களுக்கு இடைவெளி 0.04 விநாடி. விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் நகரும் ஆட்டக்காரர் அதற்குள் 12 செ.மீ.தான் போயிருப்பார். பிழை உண்டு, ஆனால் அது எவ்வளவு என்று நமக்குத் தெரியும்.

"ஓரடி முன்னால் போனால் என்ன குடி முழுகிவிடும்?" என்பவர்களுக்கும் ஒரு கணக்கு. 1 மீட்டர் முன்னால் நிற்பவர், விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடினால் 0.2 விநாடி மிச்சம் பிடிக்கிறார். மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் எறியப்பட்ட பந்து அந்த நேரத்தில் 5 மீட்டர் பறந்துவிடும்! ரன் அவுட்டுகள் பல இதைவிடக் குறைந்த இடைவெளியில் முடிவாகின்றன.

1947 டிசம்பரில் சிட்னியில் வினூ மன்கட், பில் பிரௌனை இவ்வாறு அவுட் ஆக்கினார். எதிரணித் தலைவர் பிராட்மனே தம் நூலில் மன்கடின் பக்கம் பேசினார். ஆனாலும் கோட்டைத் தாண்டியவரின் பெயரை விட்டுவிட்டு, அவுட் ஆக்கியவரின் பெயரையே இச்செயலுக்கு வைத்துப் பழித்தார்கள். இது எனக்கு நியாயமாகப் படவில்லை. முதல் தடவை எச்சரிப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் எச்சரிக்காதவரைக் குற்றவாளி ஆக்கக் கூடாது.

கடற்கரைச் சிறுவர்களிடம் நான் கேட்டது ஒன்றுதான்: "அவன் கை மேலே போச்சா?" எல்லோரும் விழித்தார்கள். அவன் மனத்தில் இருந்ததைச் சொல்ல ஆளுக்கு ஆள் முந்தினார்கள், அவன் கையை மட்டும் யாரும் பார்க்கவில்லை!

அடுத்த முறை நீங்கள் நடுவராக நின்றால், கையைப் பாருங்கள், கோட்டைப் பாருங்கள். முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.