குறிஞ்சிக்கு அவகாசம் வேண்டும்

சீதோஷ்ண நிலை எவ்வளவு மாறினாலும் காட்டுச் செடிகள் அதற்கேற்பத் தம்மை மாற்றிக்கொள்ளும், யுகம் யுகமாக அவை அப்படித்தானே பிழைத்து வந்திருக்கின்றன என்று சொல்லி ஆறுதல் அடைகிறவர்கள் நம்மிடையே அநேகர். அவர்கள் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் எந்தச் செடி, எவ்வளவு காலத்தில், என்ன நிபந்தனைகளின்மேல் மாறிக்கொள்ளும் என்பதை விசாரித்துப் பார்த்தால், அந்த ஆறுதலே நம் மலைநாட்டுத் தாவரங்களுக்கு ஆபத்தாக முடியக்கூடும் என்பது விளங்கும்.

காட்டுச் செடிகளின் மாறும் சக்திக்குச் சிறந்த சாட்சியம் அமெரிக்காவின் தென் கலிபோர்னியாவிலிருந்து கிடைத்திருக்கிறது. அங்கே தானாக முளைத்து வளரும் ஒருவகைக் கடுகின் விதைகள், இரண்டு இடங்களிலிருந்து 1997-ஆம் ஆண்டில் சேகரித்து வைக்கப்பட்டிருந்தன. பிறகு 2000 முதல் 2004 வரை அந்தப் பிரதேசத்தை வறட்சி வாட்டியது. வறட்சியின் முடிவில் அதே இடங்களிலிருந்து மறுபடியும் விதை எடுத்து, முன்னோரின் விதைகளையும் சந்ததியின் விதைகளையும் ஒரே விதமான சூழ்நிலையில் வளர்த்துப் பார்த்த ஸ்டீவன் ஃபிராங்க்ஸும் அவருடைய சகாக்களும், சந்ததி தன் முன்னோரைவிட விரைவாகப் பூத்ததை 2007-ல் அறிவித்தார்கள். ஏற்கெனவே வறண்டிருந்த இடத்துச் செடிகளில் அந்த வித்தியாசம் ஏறக்குறைய 2 நாள்; ஈரம் மிகுந்த இடத்துச் செடிகளிலோ 8 நாளுக்கும் மேல். முன்னோரையும் சந்ததியையும் கலந்து உண்டாக்கிய செடிகள் நடுவாந்தரமான காலத்தில் பூத்தமையால், இது பரம்பரையாகத் தொடரும் குணம் என்பதும் ஸ்திரப்பட்டது.

மண் காய்வதற்குள் பூத்து விதையிட்ட செடிகளே வம்சத்தை விருத்தி செய்தன. தாமதித்தவை விதை குன்றி மடிந்தன. ஆகவே ஒரு தாவரக் கூட்டம் இத்தகைய மாறுதலுக்கு ஈடுகொடுக்க வேண்டுமானால், முந்திப் பூப்பவையும் பிந்திப் பூப்பவையுமாகப் பலவகைக் குணங்கள் அதில் முன்பே இருக்க வேண்டும். மடிந்தவை போக வம்சம் தழைக்கப் போதிய எண்ணிக்கை இருக்க வேண்டும். தலைமுறைகளும் விரைந்து வர வேண்டும். அப்படியும் லாபம் முழு லாபமன்று. வறட்சிக்குப் பிந்திய கடுகு, ஒருவகைப் பூஞ்சை நோய்க்குத் தன் முன்னோரைவிட எளிதில் இரையாயிற்று என்று 2016-ல் வெளியான ஆராய்ச்சி காட்டியது.

மாற இயலாத செடிக்கு உள்ள மற்றொரு மார்க்கம் இடம்பெயர்வது. ஐரோப்பாவின் 302 மலைச் சிகரங்களில் எடுக்கப்பட்ட தாவரப் பதிவுகளை ஒப்பிட்டு 2018-ல் வெளியான ஆய்வு, வெப்பம் ஏற ஏற அச்சிகரங்களில் புதிய செடிவகைகள் வந்து குடியேறும் வேகமும் கூடிவருவதைத் தெரிவித்தது. கீழேயிருந்து ஏறி வருபவற்றுக்கு உச்சி இருக்கிறது. உச்சியிலேயே வாழ்பவற்றுக்கு அதற்கு மேல் போக்கிடம் இல்லை.

நம் மேற்கு மலைகளின் நிலைமை இதுவே. நீலகிரியின் உயர்ந்த சிகரமாகிய தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். அங்குள்ள செடிகள் ஆனைமலைக்குப் பெயர வேண்டுமானால் பாலக்காட்டுக் கணவாயின் வெப்பமான தாழ்நிலத்தைக் கடந்தாக வேண்டும். இம்மலைப் புல்வெளிகளில் வாழும் நீலக்குறிஞ்சியோ பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூத்து, விதையிட்டு, மடிந்துபோகும் இயல்புடையது. கடுகு ஏழு ஆண்டுகளில், ஆண்டுக்கொரு தலைமுறையாக அடைந்த மாறுதலைக் குறிஞ்சி அதே ஏழு தலைமுறைகளில் அடைவதாக வைத்துக்கொண்டாலும், அதற்கு 84 ஆண்டுகள் ஆகும்.

இவ்வளவு மெதுவாக மாறும் செடிக்குப் பலம் தரக்கூடியவை விரிந்த நிலமும் பெருந்திரளான எண்ணிக்கையுமே. அவற்றைத்தான் நாம் பறித்துவிட்டோம். புல்வெளியைத் தரிசு என்று கருதிய ஆங்கிலேய ஆட்சியும், அதன் பின் வந்த நம் அரசுகளும், விறகுக்கும் தோல் பதனிடுவதற்கும் கூழ் ஆலைகளுக்குமாகச் சீகையையும் கற்பூர மரத்தையும் அங்கே நட்டு வளர்த்தன. மரத்தோட்டங்களாலும் விவசாயத்தாலும் பழனி மலைப் புல்வெளிகள் நான்கு தசாப்தங்களில் மூன்றில் இரண்டு பங்கு சுருங்கிவிட்டன என்று 2018-ல் வெளியான மற்றோர் ஆய்வு கூறுகிறது. கரியமில வாயுவை மரங்கள் உட்கொள்ளும், ஆகையால் புல்வெளியிலும் மரம் நடுவதே பரிகாரம் என்போர், மலைப் புல்வெளியும் தன் மண்ணில் கரியைச் சேமித்து வைக்கிறது என்பதையும், புல் அழிந்த இடத்தில் குறிஞ்சிக்கும் வாழ்வில்லை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது, புல்வெளிகளில் பரவியுள்ள சீகையை வெட்டியதோடு நில்லாமல், மண்ணில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும் அதன் விதைகள் முளைக்குந்தோறும் களைந்து, நாட்டுப் புல்லை மீட்டு, துண்டுபட்ட புல்வெளிகளை ஒன்றோடொன்று இணைப்பது. இரண்டாவது, அமெரிக்க விஞ்ஞானிகள் ‘புராஜெக்ட் பேஸ்லைன்’ என்ற பெயரால் காட்டுச் செடிகளின் விதைகளை எதிர்கால ஆராய்ச்சிக்கெனச் சேமித்திருப்பதுபோல, நம் மலைச் செடிகளின் விதைகளையும் இடவாரியாகச் சேகரித்துப் பாதுகாப்பது. 2018-ல் மூணாற்றிலும் கொடைக்கானலிலும் பூத்த குறிஞ்சி, தன் முறைப்படி 2030-ல் பூக்க வேண்டும். அப்போது விதையெடுக்கத் தவறினால் அடுத்த சந்தர்ப்பம் 2042-ல்தான். ஆகவே வனத்துறையும் பல்கலைக்கழகங்களும் காலம் தாழ்த்தாமல் இவ்விரு பணிகளையும் இப்பொழுதே தொடங்க வேண்டும். அதற்கு வேண்டிய பொருளை அரசு மனமுவந்து அளிக்க வேண்டும்.