அடிமைக்கு ‘முடியாது’ என்ற சொல் உண்டா?

சவ்வாது மலை, ஜமுனாமரத்தூர். போளூர் பஸ்ஸுக்காகக் காத்திருந்தப்போ அக்கா பையன் செல்போன்லெ ஒரு கதையைக் காட்டினான். ரெண்டு இளவரசர்கள், ரெண்டு பேருமே ஆண்கள், ஒருத்தர் மேலெ ஒருத்தருக்கு உசிரு. சுத்தியும் விஷம், சூழ்ச்சி, சிம்மாசனச் சண்டை. ‘இதெல்லாம் நெசமாவே நடந்திருக்கா மாமா?’ன்னு கேட்டான். நடந்திருக்கு. ஆனா அவன் படிச்ச மாதிரி நடக்கலெ.

1305இல் தில்லிப் படைகள் மாளவத்தைப் பிடித்தபோது ஒரு பையனை அடிமையாக்கிக் கொண்டுபோனார்கள். மதம் மாற்றி ஹசன் என்று பேர் வைத்தார்கள். அலாவுதீன் கில்ஜி செத்து, 1316இல் அவர் மகன் குத்புதீன் முபாரக் ஷா சுல்தான் ஆனார். ஹசன்மேல் அவருக்கு மோகம். குஸ்ரோகான் என்று பட்டம் கொடுத்தார், வசீர் ஆக்கினார். ஹசன் படை நடத்தினான். 1318இல் வாரங்கல், அப்புறம் மாபார், அதாவது நம்ம தமிழ் மண். அங்கே கொள்ளையடித்தான். ‘இவன் துரோகம் பண்ணப் போறான்’னு கூட வந்த தளபதிகள் தில்லிக்குச் சொல்லி அனுப்பினார்கள். சுல்தான் என்ன செய்தார்? புகார் சொன்னவர்களைத் தண்டித்தார். 1320 ஜூலையில் ஒரு ராத்திரி, அரண்மனைக்குள்ளேயே, குஸ்ரோகானின் ஆட்கள் சுல்தானின் தலையை வெட்டி முற்றத்தில் வீசினார்கள். அடிமை நாசிருதீன் என்ற பெயரில் சுல்தான் ஆனான். ரெண்டே மாசம். செப்டம்பரில் காஜி மாலிக் துக்ளக் அவனை வென்று கொன்றார்.

இந்தக் கதையை நமக்குச் சொன்னவர் யார்? ஜியாவுதீன் பர்னி. கீழ்ப்பிறப்பாளனுக்கு எழுத்தறிவு கொடுக்கவே கூடாது என்று அரசர்களுக்குப் புத்தி சொல்லி எழுதிய ஆள். மனுவின் வாசம் பாரசீகத்திலும் அடிக்கிறது! குஸ்ரோகானின் பிறப்பைச் சொல்லிச் சொல்லியே அவர் பேனா காறித் துப்புகிறது. அவன் சாதி பராது. அதே காலத்து அமீர் குஸ்ரோ பராதுகளை ராஜாக்களுக்காக உயிர் கொடுக்கும் போர்வீரர்கள் என்கிறார். பின்னால் வந்தவர்கள் சிலர் அதைப் ‘பர்வாரி’ என்று வாசித்து, தீண்டத்தகாதவன் என்று எழுதினார்கள். ஆக, அரியணையில் உட்கார்ந்ததற்காகவே ஒருத்தனின் சாதியைக் கீழே கீழே இறக்கிக்கொண்டு போயிருக்கிறது வரலாறு.

உடனே நம்மாளுக சிலர் கிளம்பலாம், ‘தில்லியை ஆண்ட முதல் தலித் அரசன்’னு போஸ்டர் அடிக்க. வேண்டாம் தோழர்களே. சாதி உறுதியாத் தெரியாத ஒருத்தனை, ஊரைக் கொள்ளையடிச்ச ஒருத்தனை, கிரீடம் இருக்குங்கிறதுக்காக நம்ம ஆளாக்குறது அடிமைப் புத்தி. இன்னொரு பக்கம் ஆண்-ஆண் உறவுதான் ராஜ்ஜியத்தைக் கெடுத்தது என்று ஒழுக்கம் பேசுகிற கூட்டம். பர்னியும் அதைத்தான் பேசினார். ரெண்டுமே மையத்தைத் தொடவில்லை.

மையம் இதுதான். அந்த உறவில் ‘முடியாது’ என்று சொல்லும் உரிமை ஒருத்தருக்குத்தான் இருந்தது. சுல்தானோடு படுப்பதை ஹசன் வெறுத்தான், உள்ளுக்குள் பழி வைத்திருந்தான் என்று பர்னியே எழுதியிருக்கிறார். எதிரியின் வாயிலிருந்தே வந்துவிட்ட உண்மை இது. எசமான் ஆசைப்பட்டால் அதற்குக் ‘காதல்’ என்று பேர். அடிமை திருப்பி அடித்தால் ‘துரோகம்’ என்று பேர். பண்ணையார் சேரிப் பெண்ணை ‘ஆசைப்பட்டு வச்சிக்கிட்ட’ கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த அகராதி புதுசா? குற்றம் ரெண்டு ஆண்கள் சேர்ந்ததில் இல்லை. ஒருத்தன் இன்னொருத்தனின் உடைமையாக இருந்ததில் இருக்கிறது.

அதனாலேதான் அந்தச் செல்போன் கதையை நான் கேலி பண்ணவில்லை. ரெண்டு பேரும் இளவரசர்கள், ரெண்டு பேரும் சமம். நெசத்தில் கிடைக்காத சமத்துவத்தைக் கற்பனையில் தேடுது அந்தக் கதை. ஆனா சமத்துவத்துக்கு ஏன் அரண்மனை வேணும்? 2006இல் ராஜ்பிப்ளா அரச குடும்பத்து மன்வேந்திர சிங் கோகில், தான் ஆண்களை நேசிப்பவன் என்று வெளியே சொன்னார். குடும்பம் அவரை ஒதுக்கியது. அப்பவும் உலகம் காதுகொடுத்துக் கேட்டது, இளவரசர் அல்லவா! சாமை விதைக்கிற வீட்டுப் பையன், புளி உலுக்கப் போகிறவன் சொன்னால் யார் கேட்பார்கள்? 2018 செப்டம்பர் 6இல் உச்ச நீதிமன்றம் இந்த உறவு குற்றமில்லை என்றது. 2023 அக்டோபரில் கல்யாண உரிமை கேட்டபோது தர மறுத்துவிட்டது. கல்யாணத்துக்குக் காகிதம் தராதது நீதிமன்றம். மூச்சுவிட இடம் தராதது ஊர், சாதி, வீடு. அந்த வீடுகளில் நம்ம வீடும் ஒண்ணு. அதை ஒத்துக்காம விடுதலை பேசுறது வெறும் வாய்ப்பந்தல்.

பஸ் வந்தது. ஏறும்போது அவன் மெதுவா கேட்டான்: ‘மலையிலெ பொறந்தவங்களுக்கு இப்படி ஒரு கதை இல்லியா மாமா?’ ஏன் கேட்கிறான்னு நான் கேட்கவில்லை. அவனாச் சொல்லட்டும், சொல்லுற நாள்லெ நான் எழுந்து போகாம இருந்தாப் போதும். ‘நீ எழுதுடா. ராஜா வேணாம், அடிமையும் வேணாம். ரெண்டு ஆள் போதும்’னேன்.