டாக்டர் வேறு ஊர்ல, ரோபோ வார்டுல: புதுச்சேரிக்கு இது தேவையா?

குருசுக்குப்பத்தில் ஒருவருக்கு நெஞ்சு வலி வந்தா என்ன செய்வாங்க? ஆட்டோவைக் கூப்பிடுவாங்க. கடலை ஒட்டிய அந்த மீனவர் பகுதியில் இருந்து பாரதி பூங்கா பக்கத்து அரசு பொது மருத்துவமனை கொஞ்ச தூரம்தான். பெரிய சிகிச்சை வேணும்னா கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கு. இப்படிப்பட்ட இடத்துக்கு, எங்கேயோ இருக்கும் டாக்டரைத் திரையில் காட்டும் ரோபோவைக் கொண்டுவருவது, வாசல்ல கடலை வச்சுக்கிட்டு ஆன்லைன்ல மீன் ஆர்டர் பண்ற கதைதான்.

ஆனால் புதுச்சேரி என்பது குருசுக்குப்பமும் ஒயிட் டவுனும் மட்டும் இல்லை. காரைக்கால் 130 கி.மீ.க்கு மேல் தள்ளி இருக்கு. கேரளக் கரையில் இருக்கும் மாஹே 600 கி.மீ.க்கு அப்பால். ஆந்திரா பக்கம் ஏனாம் 800 கி.மீ. தாண்டி. ஒரே அரசு, நாலு துண்டு நிலம். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன இந்த வரைபடத்தில், தொலைவில் இருந்து வைத்தியம் பார்ப்பது சொகுசு இல்லை, தேவை.

சரி, அந்த ரோபோ என்னதான் செய்யும்? மனித உருவமெல்லாம் எதிர்பார்க்க வேண்டாம். பெரும்பாலும் சக்கரம் வைத்த ஒரு கம்பம், அதன் உச்சியில் திரை, கேமரா, மைக். வேறு ஊரில் இருக்கும் டாக்டர் தன் கம்ப்யூட்டரில் இருந்தே அதை ஓட்டிக்கொண்டு படுக்கைக்குப் பக்கத்தில் வருவார். கேமராவை ஜூம் செய்து கண்ணின் பாப்பாவைக்கூடப் பார்ப்பார். அமெரிக்காவில் ‘ஆர்பி-விட்டா’ என்ற ரோபோவை மருத்துவமனைகளில் பயன்படுத்த 2013 ஜனவரியிலேயே அனுமதி கிடைத்துவிட்டது. நம்ம பக்கம் இது பிரபலமானது 2020இல், கொரோனா புண்ணியத்தில். களமசேரியில் உள்ள எர்ணாகுளம் அரசு மருத்துவக் கல்லூரியில் ‘கர்மி-பாட்’ சாப்பாடும் மருந்தும் கொண்டுபோனது, வீடியோவில் டாக்டரோடு பேசவும் வைத்தது. பெங்களூரில் உருவான ‘மித்ரா’ நொய்டா மருத்துவமனை ஒன்றில், பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லாத நோயாளிகளைக் குடும்பத்தோடு பேச வைத்தது. தொற்று பயம் இருந்த அந்த நாட்களில் அதற்கு அர்த்தம் இருந்தது.

இப்போது? உண்மையிலேயே பலன் தரும் இடம் பக்கவாதம். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். நரம்பியல் நிபுணர் நேரில் இல்லாவிட்டாலும் முகம் கோணுதா, கை தூக்க முடியுதா, பேச்சு குழறுதா என்று திரையில் பார்த்து முடிவு சொல்லலாம். ஆனா ஒரு விஷயம்: தலைக்கு சிடி ஸ்கேன் எடுக்காமல் அந்த ஊசி போட முடியாது. ரத்தக் கசிவால் வந்த பக்கவாதமாக இருந்தால் ஊசியே ஆளைக் கொன்றுவிடும். ஆக ராத்திரி 2 மணிக்கு ஸ்கேன் எடுக்க ஆள், ஊசி போட நர்ஸ், உள்ளூர் டாக்டர் மூவரும் இல்லாத இடத்தில் ரோபோ வெறும் வேடிக்கைப் பொருள்.

இன்னொரு பக்கமும் உண்டு. 2019 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில், 78 வயது முதியவரின் அறைக்குள் இப்படி ஒரு ரோபோ வந்தது. திரையில் இருந்த டாக்டர், நுரையீரல் இனி சரியாகாது என்று சொன்னார். பெரியவருக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த பேத்திதான் ‘தாத்தா, நீங்க பிழைக்க மாட்டீங்க’ என்ற அர்த்தம் வரும் அந்தச் சேதியைத் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்ன தகவல் தப்பில்லை. அதைச் சொல்ல ஒரு மனிதர் படுக்கை ஓரம் உட்கார்ந்திருக்க வேண்டாமா? எந்தச் சேதியைத் திரையில் சொல்லக் கூடாது என்று நம்ம மருத்துவமனைகள் முதலிலேயே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது, நெட்டில் இணைந்த எதையும் நெட் வழியாகவே உடைக்கலாம். 2022 ஏப்ரலில், மருத்துவமனைகளில் மருந்து சுமக்கும் ‘டக்’ ரோபோக்களில் ஐந்து பாதுகாப்பு ஓட்டைகள் இருப்பதை ஒரு நிறுவனம் வெளியிட்டது. வெளியாள் ஒருவரால் அவற்றை ஓட்டவும், கேமரா வழியே பார்க்கவும் முடியும் என்ற நிலை. பிறகு சரிசெய்தார்கள். ரோபோ எதுவும் இல்லாமலே நம்ம நாட்டில் என்ன நடந்தது? அதே ஆண்டு நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் ரான்சம்வேர் தாக்குதலில் முடங்கின. சுமார் இரண்டு வாரம் பேப்பர், பேனாதான். நாட்டின் முதன்மை மருத்துவமனைக்கே இந்த கதின்னா, ஏனாமில் ஒரு வைஃபை ரூட்டரின் பாஸ்வேர்டை யார் மாத்துவாங்க?

இதற்கு நடுவில், விலை குறைந்த வழி ஒன்று சத்தமில்லாமல் ஓடிக்கிட்டிருக்கு. அரவிந்த் கண் மருத்துவமனையின் கிராமப்புறப் பார்வை மையங்களில் பயிற்சி பெற்ற பெண்கள் கண்ணைப் பரிசோதிக்கிறார்கள், டாக்டர் வீடியோவில் பார்க்கிறார். அங்கே சக்கரமும் இல்லை, மோட்டாரும் இல்லை. மத்திய அரசின் இ-சஞ்சீவனி சேவையில் 2023 பிப்ரவரிக்குள் 10 கோடி ஆலோசனைகள் முடிந்துவிட்டன, அதுவும் போனிலும் கம்ப்யூட்டரிலும்தான். கேமராவை நோயாளி பக்கம் திருப்ப ஒரு நர்ஸின் கை போதும். அந்தக் கை நாடியும் பார்க்கும், பயப்படுறவரைத் தட்டியும் கொடுக்கும்.

அதனால் ரோபோ வேண்டவே வேண்டாம் என்று இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரே நேரத்தில் பல படுக்கைகளைச் சுற்றிப் பார்க்கும் நிபுணருக்கு அது கைகொடுக்கும். மாஹேவுக்கு ஒன்று வாங்கலாம்தான். வாங்கும் முன்பு டெண்டரில் மூணு வரி சேர்க்கணும்: வாரன்டி முடிந்த பிறகும் சாஃப்ட்வேர் அப்டேட் யார் பொறுப்பு, பதிவாகும் வீடியோ எங்கே சேமிக்கப்படும், ராத்திரி ஷிஃப்டில் ரோபோ பக்கத்தில் நிற்கப் போகிற நர்ஸ் பணியிடம் நிரப்பப்பட்டதா. மூணாவதுக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால், அந்தப் பணத்தில் முதலில் நர்ஸை எடுங்கள்.